கிரேக்க வேரிலிருந்து வந்த அறிவியற் சொற்கள்: ஸ்பானியம் ஆங்கிலத்திடம் கடன் வாங்கியதா?

பொதிகைச்சாரல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் மருந்தியல் படித்தவள். மருத்துவ ஆவணங்களை ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும் பணிக்குச் செல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் ஓராண்டுக்கும் மேலாக ஸ்பானியம் கற்று வருகிறேன். சந்தையிலும் சமையலறையிலும் புழங்கும் சொற்கள் எனக்கு இன்னும் கடினமாகவே இருக்கின்றன. ஆனால் ஓர் அறிவியல் கட்டுரையைக் கையில் எடுத்தால், அகராதியைப் புரட்டாமலே பாதிக்கு மேல் விளங்கிவிடுகிறது. ஒளிச்சேர்க்கைக்கு 'ஃபோத்தோசீந்தெசிஸ்', வெப்பமானிக்கு 'தெர்மோமெத்ரோ', குருதிச் சிவப்புப் பொருளுக்கு 'எமோக்ளொபீனா' என்று எல்லாமே ஏற்கெனவே அறிந்த சொற்களாகத் தோன்றுகின்றன.

எங்களுக்குக் கற்பித்தவர், இவை யாவும் கடந்த நூற்றாண்டில் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குச் சென்றவை என்றும், ஆகவே ஆங்கிலச் சொல்லின் இறுதியில் 'ஓ' அல்லது 'ஆ' சேர்த்தாலே ஸ்பானியச் சொல் கிடைத்துவிடும் என்றும் சொன்னார். அதை நம்பி எழுதிய தேர்வில் வரிசையாகத் தவறு செய்தேன். ஆகாரத்தில் முடிவதால் 'ப்ரொப்லேமா' என்பதைப் பெண்பாலாக எழுதினேன், அது ஆண்பாலாம். நிமோனியாவை ஆங்கிலத்தில் உள்ளபடியே 'பி' எழுத்தோடு தொடங்கினேன். ஸ்பானியத்தில் அச்சொல்லுக்கு அந்த எழுத்தே இல்லையாம். உயிரியலைக் குறிக்கும் சொல்லை வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத்தைப் போல இரண்டாம் அசையில் அழுத்திச் சொன்னேன். தேர்வாளருக்குப் புரியவே இல்லை.

ஆகவே கேட்கிறேன். ஸ்பானியம் இச்சொற்களை உண்மையில் ஆங்கிலத்திடமிருந்துதான் பெற்றதா? இரண்டுக்கும் கிரேக்கமே மூலம் என்றால், எழுத்துக்கூட்டலும் பாலும் அழுத்தமும் ஏன் இப்படி வேறுபடுகின்றன? வேறுபாட்டுக்கு ஒழுங்கு ஏதேனும் இருந்தால், ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்யாமல் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உங்கள் ஐயம் நியாயமானது, அம்மா. ஸ்பானியம் ஆங்கிலத்திடம் கடன் வாங்கியது என்பது இச்சொற்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. இரண்டு மொழிகளும் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுத்தன. அக்களஞ்சியம் கிரேக்கம், அதன் வாயில் இலத்தீன். வேறுபாடுகள் பெரும்பாலும் எழுத்துக்கூட்டலைப் பற்றி இரு சமூகங்களும் எடுத்த முடிவுகளால் வந்தவை. ஆகையால் அவற்றில் ஒழுங்கு நிச்சயமாக உண்டு.

முதலில் உரோமானியரிடமிருந்து தொடங்க வேண்டும். கிரேக்கத்தில் ஃபை, தீட்டா, கை என்று மூன்று எழுத்துகள் உண்டு. பழங்கிரேக்கத்தில் இவை மூச்சோடு சேர்ந்து ஒலித்தன. வடமொழி வருக்கங்களின் இரண்டாம் எழுத்துகளை நினைத்துக்கொண்டால் அவ்வொலி நமக்குப் பிடிபடும். இலத்தீனில் அவ்வொலிகளுக்கு எழுத்து இல்லாமையால், உரோமானியர் தம்முடைய பி, டி, சி ஆகிய எழுத்துகளின் பின்னால் மூச்சைக் காட்டும் 'எச்' எழுத்தைச் சேர்த்து எழுதினர். கிரேக்க உப்சிலானுக்காக 'ஒய்' எழுத்தைத் தம் நெடுங்கணக்கின் கடைசிப் பகுதியில் புதிதாகச் சேர்த்துக்கொண்டனர். அந்த எழுத்துக்கு ஸ்பானியத்தில் இன்றும் வழங்கும் பெயர் 'ஈ கிரியேகா', அதாவது 'கிரேக்க இ' என்பதாகும். 2010இல் வந்த எழுத்திலக்கணம் 'யே' என்ற பெயரைப் பரிந்துரைத்த பிறகும் பழைய பெயர் மக்கள் நாவை விட்டு அகலவில்லை.

ஆங்கிலம் உரோமானியர் செய்த இந்த ஒலிபெயர்ப்பை அப்படியே காப்பாற்றியது. ஒரு சொல்லில் பி, எச் சேர்ந்து வந்து 'ஃப' என ஒலித்தால், அது கிரேக்க ஃபை இருந்த இடம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம். ஸ்பானியமும் ஒரு காலத்தில் அவ்வாறே எழுதியது. ஆனால் 1492இல் முதல் காஸ்தெய்ய (அதாவது ஸ்பானிய) இலக்கணத்தை எழுதிய அந்தோனியோ தெ நெப்ரிஹா, ஒலிப்பது போலவே எழுத வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியவர். அந்தக் கொள்கை அந்நாட்டு அறிஞரிடையே தொடர்ந்து வாழ்ந்தது. 1713இல் தோன்றிய ஸ்பானிய அரசு மொழிக்கழகம், 1741இல் தன் முதல் எழுத்திலக்கண நூலை வெளியிட்டபோது, அந்நூலின் தலைப்பிலேயே 'ஓர்த்தோகிராஃபியா' என்ற சொல்லைக் கிரேக்க மரபுப்படி டி, எச் என்றும் பி, எச் என்றும் எழுதியது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 1754இல் வந்த அடுத்த பதிப்பின் தலைப்பில் அதே சொல் வெறும் 'டி' எழுத்தோடும் 'எஃப்' எழுத்தோடும் நிற்கிறது. இரண்டு தலைப்பு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நீங்கள் கேட்ட கேள்விக்கான விடையில் பாதி அங்கேயே இருக்கிறது. போர்த்துகல் இதே மாற்றத்தை 1911ஆம் ஆண்டு வரை செய்யவில்லை. அதுவரை அந்நாட்டு மருந்துக் கடைகளின் பெயர்ப் பலகைகளில் பி, எச் எழுத்துகள் இருந்தன. ஆங்கிலத்துக்கோ இவ்வாறு ஆணையிடும் கழகம் எதுவும் எக்காலத்திலும் இருந்ததில்லை.

இதிலிருந்து மாற்று விதிகள் தாமாகவே கிடைக்கும். ஆங்கிலத்தின் பி-எச் ஸ்பானியத்தில் எஃப் ஆகும். டி-எச் வெறும் டி ஆகும். 'க' என ஒலிக்கும் சி-எச், அடுத்து வரும் உயிரைப் பொறுத்து 'சி' ஆகவோ 'க்யூ-யு' ஆகவோ மாறும். ஆகவே வேதியியல் 'கீமிக்கா', குளோரின் 'க்ளோரோ'. கிரேக்க உப்சிலானுக்குரிய ஒய், ஐ ஆகும். இரட்டித்த மெய்கள் ஒற்றையாகும். ஆனால் சொல்லிடையில் ஆர்-ஆர்-எச் என வருவது வல்லின றகரம் போன்ற அழுத்தமான ஒலியாக நிலைப்பதால், குருதிப்போக்கைக் குறிக்கும் சொல்லில் இரண்டு ஆர் எழுத்துகளும் இருக்கும்; எச் மட்டும் போய்விடும். சொல் முதலில் பி-என் என வரும் கூட்டில் பி உதிரும். உங்கள் நிமோனியாவுக்கு நேர்ந்தது இதுவே, அது 'நெயுமொனீயா' ஆகிவிட்டது. பி-எஸ் அப்படியன்று. உளவியலைக் குறிக்கும் சொல்லில் ஒலிக்காத பி எழுத்தை நீக்கி எழுத மொழிக்கழகம் இசைவு தந்திருந்தாலும், படித்தவர்கள் அதைச் சேர்த்தே எழுதுகிறார்கள்.

காசநோய்க்கு ஆங்கிலத்தில் வழங்கிய பழைய சொல்லான 'தைசிஸ்' இவ்விதிகளைச் சோதிக்க மிக நல்ல சொல். அதன் தொடக்கத்தில் பி, எச், டி, எச் என நான்கு மெய்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்பானியர் அதை 'தீசிஸ்' என்று ஒரே 'டி' கொண்டு எழுதுகிறார்கள்.

இன்னொன்று. எஸ் எழுத்தோடு வேறொரு மெய் சேர்ந்து சொல்லைத் தொடங்க ஸ்பானிய நாக்கு இடம் கொடுக்காது. முன்னால் ஓர் எகரம் வந்து தாங்கும். கோளம் 'எஸ்ஃபேரா', இரைப்பை 'எஸ்தோமகோ', மனச்சிதைவு 'எஸ்கிசோஃப்ரேனியா'. நம் ஊர்ப் பெரியவர்கள் ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். அந்தப் பள்ளிக்கூடச் சொல்லும் கிரேக்கத்தில் பிறந்ததே. ஸ்பானியத்தில் அது 'எஸ்குவேலா'.

குப்பியும்குழலும் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் எழுத்துகளைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் வேதியியல் கற்பிப்பவன். சொற்கள் எப்போது பிறந்தன என்பதைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். 'கிரேக்கச் சொல்' என்று நாம் சொல்பவற்றுள் பல, கிரேக்கர் எவரும் ஒருநாளும் சொல்லாதவை. கிரேக்கத் துண்டுகளைக் கொண்டு ஐரோப்பிய அறிஞர்கள் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் கட்டியவை. பெரும்பாலும் பாரிஸிலோ இலண்டனிலோ செருமானிய நகரங்களிலோ கட்டப்பட்டு, ஓரிரு ஆண்டுகளுக்குள் எல்லா மொழிகளுக்கும் பரவின. எனவே 'யார் யாரிடம் வாங்கினார்' என்ற கேள்வியை ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகத்தான் கேட்க முடியும்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் 'ஒக்சுஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. 'கென்' என்பது பிறப்பித்தலைக் குறிக்கும் வேர். அமிலங்கள் அனைத்துக்கும் இவ்வளிமமே காரணம் என்று கருதிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே அதற்கு 'அமிலம் பிறப்பிப்பது' என்று பொருள்படும் பெயரை இட்டார். அவரும் கீத்தோன் தெ மொர்வோ, பெர்த்தோலே, ஃபூர்குவா ஆகியோரும் சேர்ந்து எழுதிய வேதியியல் பெயரிடு முறை நூல் 1787இல் பாரிஸில் வெளிவந்தது. மறு ஆண்டே, 1788இல், பெத்ரோ குத்தியேர்ரெஸ் புவேனோ அதை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்து மாட்ரிட்டில் வெளியிட்டார். 'ஒக்சீஹெனோ' என்னும் சொல் ஸ்பானியத்துக்கு வந்த வழி இது. பிரெஞ்சிலிருந்து நேராக வந்தது. ஆங்கிலத்தின் வழியாக அன்று.

எனக்கு மிகவும் பிடித்தது அதே ஆண்டில் நடந்த மற்றொன்று. ஃபூர்குவாவிடம் பாரிஸில் பயின்ற ஸ்பானிய மருத்துவர் ஹுவான் மனுவேல் தெ அரெஹுலா, புதிய பெயரிடு முறையைப் பற்றி 1788இல் ஒரு சிறு நூல் எழுதினார். அமிலத்தைப் பிறப்பிப்பது இவ்வளிமத்தின் தனிப்பண்பு என்பது மெய்ப்பிக்கப்படவில்லை, ஆகவே அப்பெயர் பொருந்தாது என்று வாதிட்ட அவர், எரித்தலே அதன் உண்மையான பண்பு என்று காட்டி, 'அர்க்சிகாயோ' என்னும் வேறொரு கிரேக்கப் பெயரை முன்மொழிந்தார். 'எரிக்கும் மூலம்' என்பது அதன் பொருள். அவர் தோற்றார், உலகம் லவாசியேயின் பெயரையே வைத்துக்கொண்டது. ஆனால் 1810இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, உப்பிலிருந்து கிடைக்கும் அமிலத்தில் ஆக்சிஜன் துளியும் இல்லை என்று நிறுவியபோது, அரெஹுலாவின் ஐயம் சரியானதே என்று தெரிந்தது. அமிலங்களுக்குப் பொதுவாக இருப்பது ஹைட்ரஜனே என்ற கருத்து பிறகு வலுப்பெற்றது. தவறான கொள்கை மறைந்த பின்னும் அதன் பெயர் எல்லா மொழிகளிலும் நிலைத்துவிட்டது. நம் தமிழில் 'உயிர்வளி' என்று ஆக்கியவர்கள் கிரேக்கப் பொருளை மொழிபெயர்க்காமல் அவ்வளிமத்தின் பயனைப் பெயராக்கியது எனக்கு மிகச் சரியான முடிவாகத் தோன்றுகிறது. செருமானியர் அமிலப் பொருளையே நேராகப் பெயர்த்ததால் அதே தவற்றைச் சுமக்கிறார்கள்.

ஸ்பானிய உலகம் கிரேக்கப் பெயர்களைப் பெற்றுக்கொண்டதோடு நின்றுவிடவில்லை, ஆக்கியும் தந்தது. மாட்ரிட்டில் பிறந்து மெக்சிகோவின் சுரங்கக் கல்லூரியில் கற்பித்த ஆந்த்ரேஸ் மனுவேல் தெல் ரியோ, 1801இல் சிமாப்பான் சுரங்கத்திலிருந்து வந்த ஈயக் கனிமத்தில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். அதன் சேர்மங்கள் பல நிறங்களைக் காட்டியதால் முதலில் 'எல்லா நிறமும்' என்று பொருள்படும் 'பான்க்ரோமோ' என்ற பெயரை இட்டார். அதன் உப்புகள் சூடாக்கினால் சிவப்பதைக் கண்டபின், சிவப்பைக் குறிக்கும் 'எருத்ரோஸ்' என்ற சொல்லிலிருந்து 'எரித்ரோனியோ' என மாற்றினார். ஐரோப்பாவில் அந்தக் கனிமத்தைச் சோதித்தவர்கள் அது குரோமியமே என்று தவறாகக் கூறவும், அவரும் தம் உரிமையைக் கைவிட்டார். 1830இல் சுவீடனில் செஃப்ஸ்த்ரோம் அதே தனிமத்தை மீண்டும் கண்டு, வடநாட்டுப் பெண் தெய்வம் ஒருத்தியின் பெயரால் வனேடியம் என்றழைத்தார். இரண்டும் ஒன்றே என்று மறு ஆண்டு செருமானிய வேதியியலாளர் வோலர் உறுதிசெய்தபோது காலம் கடந்திருந்தது. குருதிச் சிவப்பணுக்களைக் குறிக்கும் 'எரித்ரோசீத்தோ' என்ற சொல்லை மருத்துவக் குறிப்புகளில் நீங்கள் அடிக்கடி காண்பீர்கள். முதற்பாதியில் இருப்பது அதே சிவப்பு.

பெயரின் ஈற்றைப் பற்றியும் ஒரு செய்தி. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரிலிருந்து ஆராய்ந்தார் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன். அவ்வாண்டு சூரிய ஒளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, அறிந்த எத்தனிமத்துக்கும் உரியதன்று என்று முடிவுசெய்த ஆங்கில வானியலாளர் லாக்கியர், சூரியனைக் குறிக்கும் 'ஹேலியோஸ்' என்பதிலிருந்து ஹீலியம் என்ற பெயரைத் தந்தார். ஈறு இலத்தீன் முறையில் உலோகங்களுக்கு இடப்படுவது. இலத்தீன் 'இயும்' ஸ்பானியத்தில் பெரும்பாலும் 'இயோ' ஆகிவிடும் என்பதால், சோடியம் 'சோதியோ' ஆனது போல ஹீலியம் 'எலியோ' ஆயிற்று. 1890களில் ராம்சேயும் அவருடன் உழைத்தவர்களும் கண்ட ஆர்கான், நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றில் கிரேக்க ஈறே இருப்பதால், ஸ்பானியத்தில் அவை கடைசி அசையில் அழுத்தம் பெறுவதைத் தவிர ஈற்றில் வேறு மாற்றம் அடையவில்லை. கடைசியில் 'ஓ' சேர்த்தால் போதும் என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட விதி இங்கேயே பிழையாகிவிடுகிறது.

வெண்கலமணி எழுதியது:

பால், அழுத்தம் ஆகிய இரண்டைப் பற்றியும் இன்னும் எவரும் எழுதவில்லை. தேர்வில் உங்களுக்கு மதிப்பெண் குறைந்ததும் அவற்றால்தான். ஆகையால் நான் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கிரேக்கத்தில் 'மா' என முடியும் ஒரு பெயர்க்கூட்டம் உண்டு. ஒரு வினையின் விளைவைக் குறிக்கும் அப்பெயர்கள் யாவும் அலிப்பால், அதாவது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாதவை. ஸ்பானியப் பெயர்ச்சொற்களுக்கு அலிப்பால் இல்லாமையால் அவை ஆண்பாலில் சேர்ந்தன. அதனால்தான் 'எல் ப்ரொப்லேமா', 'எல் சிஸ்தேமா', 'எல் தெயொரேமா' ('எல்' ஆண்பாற் சுட்டு, 'லா' பெண்பாற் சுட்டு). உங்கள் துறையில் 'எல் சீந்தொமா', 'எல் எதேமா', 'எல் கார்சினோமா', 'எல் எமத்தோமா' என்று நாள்தோறும் வரும். எல்லா ஆகார ஈற்றுச் சொற்களுக்கும் இது பொருந்தாது. கிரேக்கத்திலிருந்தே வந்தாலும் மணிமுடியைக் குறிக்கும் 'தியதேமா' பெண்பாலாகிவிட்டது. ஆனால் நோய்ப் பெயர்களில் நீங்கள் இவ்விதியைப் பெரிதும் நம்பலாம்.

இந்தக் கூட்டத்தின் இன்னொரு பண்பு உங்களுக்கு மிகவும் பயன்படும். கிரேக்கத்தில் இப்பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது, நம் மரம் 'மரத்து' என்று அத்துச் சாரியை பெறுவதைப் போல, இடையில் ஒரு 'த்' தோன்றும். 'சுஸ்தேமா' என்பது ஆறாம் வேற்றுமையில் 'சுஸ்தேமத்தோஸ்'. அந்த 'த்' தான் இரண்டு மொழிகளிலும் பெயரடைகளில் வந்து நிற்கிறது: சிஸ்டம், சிஸ்டமேட்டிக்; சிஸ்தேமா, சிஸ்தெமாத்திக்கோ. குருதியைக் குறிக்கும் 'ஹைமா' ஒரு சொல்லில் 'எமோ' என்றும் மற்றொன்றில் 'எமத்தோ' என்றும், தோலைக் குறிக்கும் 'தெர்மா' ஒரு சொல்லில் 'தெர்மிஸ்' என்றும் மற்றொன்றில் 'தெர்மத்தோ' என்றும் வருவதற்கும் இதுவே காரணம். இதை அறிந்தபின் ஹீமோகுளோபினும் ஹெமட்டாலஜியும் இருவேறு சொற்களாக எனக்குத் தோன்றவே இல்லை.

பால் மாறினால் பொருளே மாறும் இரண்டு இணைகளை மருத்துவ மொழிபெயர்ப்பாளர் மறக்கக் கூடாது. 'எல் கோமா' என்றால் நினைவிழந்த நிலை; 'லா கோமா' என்றால் நிறுத்தக்குறி. முன்னது ஆழ்ந்த உறக்கத்தையும் பின்னது வெட்டிய துண்டையும் குறிக்கும் வெவ்வேறு கிரேக்கச் சொற்கள்; ஆங்கிலம் எம் எழுத்தை இரட்டித்து அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது, ஸ்பானியம் இரட்டிப்பைக் கைவிட்டதால் பாலைக் கொண்டு பிரிக்கிறது. 'எல் கோலெரா' வாந்திபேதி. 'லா கோலெரா' சினம். இவையிரண்டும் பித்தத்தைக் குறிக்கும் ஒரே வேரில் பிறந்தவை.

'சிஸ்' என முடியும் சொற்கள் கிரேக்கத்தில் பெண்பால். ஸ்பானியத்திலும் 'லா க்ரீசிஸ்', 'லா தோசிஸ்', 'லா இபோத்தெசிஸ்' என அப்படியே நின்றன. ஆனால் 'எல் அனாலிசிஸ்' ஆண்பால். ஒருமைக்கும் பன்மைக்கும் சொல் மாறாது. முன்னால் வரும் சுட்டு மட்டுமே மாறும். அதுபோல ஆங்கிலத்தில் 'பாக்டீரியா' பன்மை. ஸ்பானியத்தில் அதுவே பெண்பால் ஒருமை, பன்மைக்கு எஸ் சேர்க்க வேண்டும். மொழிபெயர்க்கும்போது எண் பிழை நேரும் இடம் இது.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, துறைப் பெயர்களில் ஸ்பானியம் கிரேக்கத்தையே பின்பற்றியது. கிரேக்கர் 'லொகியா' என்பதில் 'கி' எழுத்தை அழுத்தினர். ஸ்பானியரும் 'பியோலொஹீயா' என்று அதே இடத்தை அழுத்தி, எழுத்தின் மேல் குறியும் இடுகின்றனர். துறை வல்லுநரைக் குறிக்கும்போது அழுத்தம் முன்னால் நகர்ந்து 'பியோலொகோ' என்பதில் 'யோ' மேல் விழும். ஆனால் எல்லாச் சொற்களும் கிரேக்க வழியில் செல்லவில்லை. மக்களாட்சியைக் குறிக்கும் 'தெமொக்ராசியா', மருந்துக்கடையைக் குறிக்கும் 'ஃபர்மாசியா' போன்றவை இலத்தீன் அழுத்தத்தை ஏற்றன. பக்கவாதத்தைக் குறிக்கும் 'எமிப்லேஹியா', 'எமிப்லெஹீயா' ஆகிய இரண்டையும் மொழிக்கழகம் ஏற்றுக்கொள்கிறது என்பதிலிருந்து இந்த இழுபறி இன்னும் முடியவில்லை என்பது தெரியும்.

பொதிகைச்சாரல் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அத்துச் சாரியையோடு ஒப்பிட்டுக் காட்டிய விளக்கத்தைப் படித்தபின், இத்தனை நாள் நான் தனித்தனியாக மனப்பாடம் செய்த இருபது முப்பது சொற்கள் ஒரே கொடியில் காய்த்தவை போலத் தெரிந்தன.

இன்னும் ஒரே ஓர் ஐயம். விதிகளுக்குள் அடங்காத சொற்களும் மருத்துவக் குறிப்புகளில் வருகின்றன. அறுவை மருத்துவத்துக்கு ஆங்கிலத்தில் 'சர்ஜரி', ஸ்பானியத்தில் 'சிரூஹீயா'. இவற்றுக்கும் கிரேக்கத்துக்கும் தொடர்பு உண்டா? அறுவை அரங்கை 'கிரோஃபனோ' என்கிறார்கள். அதைப் போன்ற சொல்லை ஆங்கிலத்தில் நான் கண்டதே இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூன்றும் தொடர்புடையவையே, அம்மா. கிரேக்கத்தில் 'கெய்ர்' என்றால் கை. 'எர்கோன்' என்றால் வேலை. கையால் செய்யும் மருத்துவம் 'கெய்ரூர்கியா'. இது இலத்தீன் வழியாக ஸ்பானியத்தில் 'சிரூஹீயா' ஆயிற்று. ஆங்கிலத்துக்கோ பழைய பிரெஞ்சின் வழியே, பேசிப் பேசித் தேய்ந்து, நடு அசைகள் ஒடுங்கிய வடிவில் வந்தது. நூல்களின் வழி வந்த சொற்களுக்கே நாம் மேலே கண்ட விதிகள் செல்லும். மக்கள் வாயில் பல நூற்றாண்டு உருண்ட சொற்களை அவை கட்டுப்படுத்தா.

'கிரோஃபனோ' ஸ்பானியர் தாமே ஆக்கிய சொல். முன்பாதி அதே 'கை'; பின்பாதி 'காட்டுதல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாணவர்கள் கண்ணாடிக்கு அப்பால் நின்று அறுவையைப் பார்க்கும்படி அமைத்த அறைக்கு அப்பெயர் இடப்பட்டது. ஆங்கிலேயர் அதே அறையைத் 'தியேட்டர்' என்று அழைப்பதும் தற்செயல் அன்று. தியேட்டரின் மூலமான 'தெயாத்ரோன்', பார்ப்பதற்குரிய இடம் என்று பொருள்படுவது. இரண்டு மொழிகளும் தனித்தனியே கிரேக்கத்துக்குச் சென்று, இருவேறு சொற்களைக் கொண்டுவந்து, ஒரே கருத்தைச் சொல்லியிருக்கின்றன. நாளிதழ்களைச் சேமித்து வைக்கும் நூலகத்துக்கு ஸ்பானியர் 'நாள்', 'பேழை' ஆகிய இரு கிரேக்கச் சொற்களால் 'எமெரோதேக்கா' என்று பெயரிட்டிருப்பதும் ஆங்கிலத்தில் இல்லாத அழகிய ஆக்கம்.

அந்தப் 'பேழை' வேரிலிருந்து வந்த 'அபோதேக்கே', அதாவது பண்டகசாலை, எத்தனை வடிவம் எடுத்தது என்பதை மருந்தியல் படித்த நீங்கள் அறிவது நல்லது. ஸ்பானியத்தில் அது திராட்சைமது வைக்கும் 'போதேகா' ஆயிற்று. வேறு வழியாக வந்து மருந்துக்கடையைக் குறிக்கும் 'போத்திகா' ஆயிற்று. பிரெஞ்சில் 'பூத்தீக்' என்னும் கடை ஆயிற்று. ஆங்கிலத்தில் மருந்து விற்பவரின் பழைய பெயரான 'அப்பாதிக்கரி' ஆயிற்று.

அரபின் வழி வந்தவை தனி வகை. இரசவாதம் இரண்டு மொழிகளிலும் 'அல்' என்ற அரபுச் சுட்டோடு நிற்கிறது. வாலைவடிக்கும் கலமான 'அலம்பீக்கே' என்பதும் கிரேக்கக் கிண்ணம் ஒன்று அரபு உடை அணிந்து வந்ததே. ஒற்றைத் தலைவலிக்கு ஸ்பானியத்தில் இரண்டு சொற்கள்: 'மிக்ராஞா' என்பது 'பாதி மண்டை' என்னும் கிரேக்கச் சொல்லின் தேய்வு, 'ஹகேக்கா' என்பது அரபிலிருந்து வந்தது, அதன் அடிப்பொருளும் 'பாதி' என்பதே.

ஊசிக்குழலைக் குறிக்கும் 'ஹெரிங்கா', 'சிரிஞ்ச்' ஆகிய இரண்டும் குழலைக் குறிக்கும் 'சுரிங்க்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக்குள் செல்லும் கரந்த வழியைக் குறிக்கும் 'சுருங்கை' என்ற சொல்லும் அதே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாக மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.

கலங்கரை எழுதியது:

தாமதமாக வருகிறேன். மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். வடிவம் ஒத்திருப்பதை மேலே உள்ளவர்கள் அழகாக விளக்கிவிட்டார்கள். பொருள் ஒத்திருக்கும் என்று அதிலிருந்து முடிவு செய்துவிடாதீர்கள். நூலில் மட்டும் வாழும் சொற்களில் ஆபத்து குறைவு. தெருவுக்கு வந்த சொற்களில்தான் பொருள் திரிகிறது. இயற்கையைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தாலும், ஆங்கில 'ஃபிசிஷியன்' மருத்துவர், ஸ்பானிய 'ஃபீசிக்கோ' இயற்பியலாளர். ஆங்கிலத்தில் 'அப்பாலஜி' என்பது மன்னிப்பு. ஸ்பானிய 'அபோலொஹீயா' ஒன்றைப் போற்றி அதன் சார்பில் வாதிடுவது. 'இதியோமா' ஸ்பானியத்தில் மொழி, ஆங்கிலத்தில் மரபுத்தொடர்.

உயிருக்கே கேடாகக் கூடியது 'இன்தொக்ஸிகாதோ' என்ற சொல். பழங்கிரேக்கத்தில் 'தொக்சோன்' என்றால் வில்; அம்பு முனையில் தடவும் நஞ்சை 'தொக்சிகோன் ஃபார்மகோன்', அதாவது 'வில்லுக்குரிய மருந்து' என்றனர். காலப்போக்கில் இரண்டாம் சொல் பிரிந்து உங்கள் துறையின் பெயராயிற்று. வில்லைக் குறித்த முதற்சொல் மட்டும் நஞ்சு என்னும் பொருளைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. ஸ்பானியத்தில் அப்பொருள் பெரிதும் மாறவில்லை. கெட்ட உணவை உண்டு உடல் நலிந்தவரையும் அச்சொல்லால் குறிப்பர். ஆங்கிலத்தில் அது குடியாலோ போதைப்பொருளாலோ மயங்கியவரையே பெரும்பாலும் குறிக்கிறது.

1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், நினைவிழந்த 18 வயது இளைஞர் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த கியூபக் குடும்பத்தினர், அவர் உண்ட உணவில்தான் ஏதோ கேடு என்று எண்ணி இச்சொல்லைப் பயன்படுத்தினர். தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அங்கே இல்லை. போதைப்பொருளை மிகுதியாக உட்கொண்டவர் என்று கருதி மருத்துவர்கள் அதற்கே மருத்துவம் செய்தனர். உண்மையில் அவருடைய மூளைக்குள் குருதி கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கைகால்கள் நான்கும் செயலிழந்தன. பின்னர் அவருடைய வாழ்நாள் முழுவதற்குமாகக் கணக்கிட்டு ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர்.

ஆகவே ஆவணத்தில் 'இன்தொக்ஸிகசியோன்' என்று கண்டால், அதை அடுத்து வரும் சொல்லைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எதையும் எழுதாதீர்கள். 'அலிமெந்தாரியா' என்று இருந்தால் அது உணவு நஞ்சாதல். 'எதீலிக்கா' என்று இருந்தால் மதுவால் வந்தது. அடுத்த சொல் எதுவும் இல்லையென்றால், குறிப்பை எழுதிய மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.